மாயை என்றால் பொய் என்றுதான் அர்த்தமா?

கேள்வி இதுதான்: "மாயை என்றால் பொய்த்தோற்றம் என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் கீதையில் கண்ணன் 'என் மாயை' என்கிறான். தேவியை மகாமாயை என்று துதிக்கிறார்கள். சைவ சித்தாந்தம் படிக்கும் நண்பர் மாயை உள்பொருள், பொய் இல்லை என்கிறார். ஆண்டாளோ 'மாயனை' என்று பாடுகிறாள். இதில் எதைத்தான் எடுத்துக்கொள்வது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகமே பொய்த்தோற்றம் என்ற பொருள் இந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் அத்வைதம் என்ற ஒரு தரிசனத்தின், அதாவது தத்துவ மரபின், வழியாக வந்து சேர்ந்தது. அந்தத் தரிசனத்திலேயே அது முழு விளக்கம் ஆகாது. வேதம் தொடங்கிப் பெரும்பாலான இடங்களில் மாயை என்பது ஓர் ஆற்றல். அதனால் இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். அது யாருடைய மாயை? அது எதை உண்டாக்குகிறது? இவை தெரிந்துவிட்டால் அந்த இடத்துப் பொருள் பிடிபட்டுவிடும்.

ரிக் வேதத்தில் வருணனைப் பாடும் ஒரு சூக்தம் ஐந்தாம் மண்டலத்தில் இருக்கிறது (5.85). அதில் அடுத்தடுத்து இரண்டு மந்திரங்கள் வருணனுடைய 'பெரிய மாயை'யைப் புகழ்கின்றன. முதல் மந்திரம், அவன் நடுவானில் நின்றுகொண்டு சூரியனையே அளவுகோலாக வைத்துப் பூமியை அளந்தான் என்கிறது. அடுத்தது இன்னும் அழகு: இத்தனை ஆறுகள் ஓடி வந்து தண்ணீரைக் கொட்டியும் ஒரே ஒரு கடல் நிரம்பாமல் இருக்கிறதே, அதுவும் அவனுடைய மாயைதான் என்கிறது. இங்கே பொய் எங்கே இருக்கிறது? ஆறும் மெய், கடலும் மெய். அவற்றை அப்படி அமைத்து வைத்த அறிவும் திறமையும்தான் மாயை. 'மா' என்ற வடமொழி வேருக்கு அளத்தல் என்று பொருள். மாயை அந்த வேரிலிருந்து வந்தது என்று பலர் சொல்வதற்கு இந்த மந்திரம் நன்றாகவே ஒத்துப்போகிறது. வேதச் சொற்களைத் தொகுத்த பழைய நிகண்டும் மாயையை 'பிரக்ஞை', அதாவது அறிவு, என்பதற்குரிய பெயர்களின் வரிசையில்தான் வைக்கிறது. இந்த நிகண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வைணவ ஆசாரியர் ராமானுஜருக்கு இது கைகொடுக்கப்போகிறது.

அதே ரிக் வேதத்தில் அசுரர்களுக்கும் மாயை உண்டு. சுஷ்ணன் என்ற மாயாவியை இந்திரன் மாயைகளாலேயே வீழ்த்தினான் என்கிறது முதல் மண்டலம். ஆக, திறமை ஒன்றுதான். நல்லவர் கையில் இருந்தால் படைப்பு, எதிரி கையில் இருந்தால் சூழ்ச்சி. வஞ்சனை என்ற பொருள் இந்தப் பக்கத்திலிருந்து வளர்ந்தது. பிரச்ன உபநிடதம் முதல் பகுதியை முடிக்கும்போது, கோணலும் பொய்யும் மாயையும் இல்லாதவர்களுக்கே பிரம்மலோகம் என்கிறது. அங்கே மாயை என்பது சாதாரண மனிதக் கபடம், அவ்வளவுதான். தத்துவம் எதுவும் இல்லை.

'இந்திரன் மாயைகளால் பல உருவம் எடுக்கிறான்' என்று இன்னொரு ரிக் வேத வரி உண்டு (6.47.18). பிருகதாரண்யக உபநிடதம் இதை எடுத்தாள்கிறது. அங்கே உரை எழுதும் அத்வைத ஆசாரியர் சங்கரர் 'மாயைகளால்' என்பதற்கு முதலில் 'அறிவுகளால்' என்று பழைய பொருளைத் தருகிறார். அப்புறம், 'அல்லது நாமரூபங்களால் வரும் பொய்யான அபிமானங்களால்' என்று இரண்டாவதாக ஒன்றையும் சேர்க்கிறார். வேதத்துப் பொருளும் அத்வைதப் பொருளும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தச் சொல் கடந்து வந்த தூரத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மாயை தத்துவச் சொல்லாக உருவெடுப்பது சுவேதாசுவதர உபநிடதத்தில். 'மாயையைப் பிரகிருதி என்று அறி, மாயையை உடையவனை மகேசுவரன் என்று அறி' என்கிறது அதன் நான்காம் அத்தியாயம். பிரகிருதி என்றால் உலகத்துக்கு மூலமான இயற்கை. அதற்கு முந்தைய மந்திரம், மாயையை உடையவன் இந்த உலகத்தைப் படைக்கிறான், இன்னொருவன் அதில் கட்டுண்டு கிடக்கிறான் என்று சொல்கிறது. உடையவன், உடைமை, அதில் கட்டுப்பட்டவன் என்று மூன்றும் இங்கே வந்துவிட்டன. பிற்காலத்து வேதாந்தச் சண்டைகள் எல்லாமே இந்த மூன்றுக்கும் இடையிலான உறவு என்ன என்பதைப் பற்றித்தான். உடைமை மெய்யா? உடையவனிடமிருந்து வேறானதா? கட்டு உண்மையில் விழுந்ததா, விழுந்ததாகத் தோன்றுகிறதா?

கீதைக்கு வருவோம். நீங்கள் சொல்லும் 'என் மாயை' ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது: முக்குணங்களால் ஆன, தெய்வத்தன்மை கொண்ட இந்த என் மாயை கடக்க முடியாதது, என்னைச் சரணடைகிறவர்கள் இதைக் கடக்கிறார்கள் (7.14). ஆனால் உரையாசிரியர்கள் எப்படிப் பிரிகிறார்கள் என்று பார்க்க நான்காம் அத்தியாயத்தின் ஆறாவது சுலோகம்தான் பொருத்தமான இடம். 'பிறப்பில்லாதவன், அழிவில்லாதவன், உயிர்களுக்கெல்லாம் ஈசுவரன்; ஆனாலும் என் பிரகிருதியை ஆட்கொண்டு ஆத்ம மாயையால் பிறக்கிறேன்' என்று கண்ணன் சொல்கிறான். 'ஆத்ம மாயையால்' என்றால் என்ன?

சங்கரர் சொல்வது: தன் மாயையால் உடல் எடுத்தவன் போல, பிறந்தவன் போல ஆகிறான், உலகத்தார் பிறப்பது போல உண்மையில் பிறப்பதில்லை. அந்தப் 'போல'வில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ராமானுஜருக்கு இது சம்மதம் இல்லை. அவதாரத் திருமேனி 'போல' என்று ஆகிவிட்டால் பக்தன் பற்றிக்கொள்ள என்ன மிஞ்சும்? அவர் நேராக அந்த நிகண்டை எடுக்கிறார். மாயை என்பது அறிவுக்கு மறுபெயர் என்று அதிலேயே இருக்கிறது, எனவே ஆத்ம மாயையால் என்றால் தன் ஞானத்தால், தன் சங்கல்பத்தால் என்று முடித்துவிடுகிறார். நமக்கு வினையினால் வருகிற பிறவி அவனுக்கு இச்சையினால் வருகிறது. துவைத மரபின் ஆசாரியர் மத்வரும் இங்கே அறிவு என்றே பொருள் கொள்கிறார்.

7.14-க்கு ராமானுஜர் எழுதியது இன்னும் சுவையானது. மாயை என்ற சொல்லுக்குப் பொய் என்று பொருளே கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அதற்கு விஷ்ணு புராணத்திலிருந்து சாட்சி கொண்டுவருகிறார். பிரகலாதனைக் கொல்வதற்காகச் சம்பரன் ஆயிரம் மாயைகளை ஏவினான், குழந்தையைக் காக்க வந்த சக்கரம் அவை ஒவ்வொன்றையும் அழித்தது. இல்லாத ஒன்றை அழிக்கச் சக்கரம் எதற்கு? சரி, இந்திரஜாலம் செய்பவனை மாயாவி என்கிறோமே, அது பொய்தானே என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். அவன் மந்திரத்தாலோ மருந்தாலோ பார்ப்பவர் மனதில் ஓர் எண்ணத்தை உண்டாக்குகிறான். அவர்கள் காணும் பொருள் பொய்யாக இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு உண்டான அந்த எண்ணம் மெய்யாகவே உண்டானது. அதை உண்டாக்கும் திறமைக்காகத்தான் அவன் மாயாவி. வித்தியாசமான விளைவுகளைத் தருவது எதுவோ அதுவே மாயை என்பது அவர் முடிவு.

உபநிடதக் கருத்துகளைச் சூத்திரங்களாகத் தொகுத்த பிரம்ம சூத்திரத்திலும் இதே வழக்குதான். அதன் சூத்திரங்கள் அத்தனையிலும் மாயை என்ற சொல் ஒரே ஓரிடத்தில், கனவைப் பற்றிப் பேசும்போது வருகிறது: 'மாயாமாத்திரம் து' (3.2.3). உலகத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கனவில் காண்பதற்கு இடம், காலம், காரணம் எதுவும் பொருந்தி வருவதில்லை, அதனால் அது வெறும் மாயை என்கிறார் சங்கரர். ராமானுஜரோ மாயை என்றால் ஆச்சரியம் என்கிறார். அதற்குச் சான்றாக வால்மீகியின் முதல் சர்க்கத்திலிருந்து சீதையைக் காட்டுகிறார்: 'ஜனகன் குலத்தில் பிறந்தவள், தேவமாயை போல அமைக்கப்பட்டவள்.' சீதை பொய்த்தோற்றம் என்று யாராவது அதற்குப் பொருள் சொல்வார்களா? அதிசயம் என்றுதானே சொல்வார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அத்வைதம் 'உலகம் பொய்' என்று ஒரே போடாகப் போடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அது அந்த மரபுக்குச் செய்யும் அநியாயம். மாயாவாதம் என்ற பெயரே எதிர்த்தரப்பு குறையாகச் சொன்னது. அத்வைதிகளின் சொல் 'அநிர்வசனீயம்': உள்ளது என்றும் சொல்ல முடியாது, இல்லாதது என்றும் சொல்ல முடியாது. கயிற்றைப் பாம்பு என்று கண்டு ஒருவன் நடுங்குகிறான். விளக்கு வந்தபின் பாம்பு போய்விடுகிறது, ஆகவே அதை உள்ளது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் முயல்கொம்பு போல அறவே இல்லாதது என்றால் அவன் நடுங்கியிருக்க மாட்டான். 14-ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் பஞ்சதசியில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்தார். மாயையை மூன்று விதமாக அறியலாம் என்கிறார் அவர். சுருதியின் (வேதத்தின்) பார்வையில் அது ஒன்றுமே இல்லை, யுக்தியின் (தர்க்கத்தின்) பார்வையில் சொல்லி முடியாதது, உலகத்தாரின் பார்வையில் மெய். இந்த மூன்றில் நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அதைப் பொறுத்தது பதில். ஞானம் வராத ஒருவன் 'எல்லாம் மாயை' என்று சொல்லிக் கடமையைத் தட்டிக்கழிக்க அத்வைதத்தில் இடமில்லை. அவனுக்கு உலகமும் மெய், பசியும் மெய், தர்மமும் மெய்.

உங்கள் நண்பர் சொன்னது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை. அங்கே மாயை, உயிரைப் பற்றியிருக்கும் மூன்று மலங்களில், அதாவது அழுக்குகளில், ஒன்று: ஆணவம், கன்மம் (வினை), மாயை. பானைக்கு மண் எப்படியோ அப்படி உலகத்துக்கு மாயை. என்றும் உள்ளது, ஆனால் அறிவில்லாதது. பானை செய்யும் குயவனைப் போல இறைவன் நிமித்த காரணம், அவனுடைய சக்தி துணைக் காரணம், மண்ணைப் போல மாயை முதற்காரணம். மா என்றால் ஒடுங்குதல், யா என்றால் வருதல் என்று பிரித்து, எல்லாம் எதில் ஒடுங்கி எதிலிருந்து வருகிறதோ அது மாயை என்று சொல்வார்கள். சுத்த மாயை, அசுத்த மாயை, பிரகிருதி மாயை என்று அதில் படிகள் வைத்து, முப்பத்தாறு தத்துவங்களையும் அவற்றிலிருந்து வரிசையாக எடுத்துக்காட்டுவார்கள்.

இதில் என் மனதுக்கு நெருக்கமான இடம் ஒன்று உண்டு. மலம் என்று பெயர் வைத்துவிட்டதால் மாயை நம்மைக் கெடுப்பது என்று தோன்றும். சித்தாந்தம் அப்படிச் சொல்வதில்லை. உயிரை மறைக்கும் இருட்டு ஆணவம்தான். உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள் என்று 'தனு கரண புவன போகங்களை' மாயையிலிருந்து எடுத்து இறைவன் உயிருக்குக் கொடுக்கிறான். அந்த உடலைக் கொண்டுதான் உயிர் கொஞ்சமாவது பார்க்கிறது, அறிகிறது, பக்குவப்படுகிறது. திருவருட்பயனில் உமாபதி சிவம் இதை இரண்டே அடியில் வைத்தார்:

'விடிவாம் அளவும் விளக்கனைய மாயை
வடிவாதி கன்மத்து வந்து.'

பொழுது விடியும் வரைக்கும் விளக்கு. கன்மத்துக்கு ஏற்ப உடல் முதலியவையாக வந்து, ஞானம் உதிக்கும் வரை மாயை நமக்கு வெளிச்சம் காட்டுகிறது. அத்வைதத்தில் மறைப்பதாகப் பேசப்படும் அதே சொல் இங்கே ஒளி தருவதாக நிற்கிறது! உமாபதி சிவம் 1313-இல் எழுதிய சங்கற்ப நிராகரணத்தில் மாயாவாதியோடு வாதம் செய்கிறார். அந்த வாதத்தைப் புரிந்துகொள்ள, இருவரும் ஒரே சொல்லை வைத்து வெவ்வேறு பொருளைப் பேசுகிறார்கள் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

காஷ்மீர சைவம் வேறு வழி. அங்கே மாயை தனிப்பொருள் இல்லை. சிவன் தன் சுதந்திரத்தால் தன்னையே மறைத்துக்கொள்ளும் சக்தி அது. அதிலிருந்து வரும் கலை, வித்தை, ராகம், காலம், நியதி என்ற ஐந்து கஞ்சுகங்கள் (உறைகள்) எல்லையற்றதை எல்லைக்குள் சுருக்குகின்றன.

இனி மகாமாயை. மார்க்கண்டேய புராணத்தில் வரும் தேவி மாகாத்மியத்தின் முதல் அத்தியாயத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நாட்டை இழந்த சுரதன் என்ற அரசனும், மனைவி மக்களே சொத்தைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிட்ட சமாதி என்ற வணிகனும் காட்டில் ஒரு முனிவரின் ஆசிரமத்தில் சந்திக்கிறார்கள். அரசன் தன்னைக் கைவிட்ட நாட்டையும் தன் யானையையும் நினைத்துக் கவலைப்படுகிறான். வணிகன் தன்னைத் துரத்தியவர்கள் சுகமாக இருக்கிறார்களா என்று ஏங்குகிறான். இருவருக்கும் இது மடத்தனம் என்று தெரிகிறது, ஆனாலும் மனம் விடவில்லை. முனிவரிடம் போய்க் கேட்கிறார்கள். அவர் சொல்கிறார்: ஞானிகளின் மனதைக்கூட வலிய இழுத்து மோகத்தில் தள்ளுகிறவள் மகாமாயை, அவளே மனம் கனிந்தால் முக்திக்கு வரம் தருகிறாள்.

உடனே ஒரு கதையும் வருகிறது. விஷ்ணுவின் கண்களில் யோகநித்திரையாக இருப்பவள் அவள். மது, கைடபன் என்ற அசுரர்கள் பிரம்மாவைக் கொல்ல வரும்போது அவர் அவளைத் துதிக்க, அவள் விலக, விஷ்ணு விழிக்கிறார். நீண்ட காலம் சண்டை நடக்கிறது. கடைசியில் அதே மகாமாயை அசுரர்களை மயக்க, அவர்களே விஷ்ணுவைப் பார்த்து 'உனக்கு என்ன வரம் வேண்டும்' என்று கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள். தூங்க வைத்தவளும் அவள், எழுப்பியவளும் அவள், எதிரியின் புத்தியைக் கலக்கிக் காப்பாற்றியவளும் அவள். மற்ற தரிசனங்களில் மாயைக்கு உடையவன் ஒருவன் உண்டு. தேவியை வழிபடும் மரபான சாக்தத்தில் மாயையே முழுமுதல் தெய்வம். இதனால்தான் அந்தப் பெயர் துதியாகிறது. பொய்யை யாரும் கும்பிடவில்லை.

வைணவ பக்தியில் மாயை இன்னொரு நிறம் எடுக்கிறது. பாகவதத்தில் யோகமாயை தேவகியின் கருவை ரோகிணிக்கு மாற்றுகிறாள், யசோதையின் மகளாகப் பிறந்து கம்சனின் கையிலிருந்து நழுவி வானில் நின்று எச்சரிக்கிறாள். ஆனால் பத்தாம் ஸ்கந்தத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இருக்கும் ஒரு சுலோகத்தை நான் எத்தனை முறை படித்தாலும் அடுத்த வரிக்குச் சட்டென்று போக முடிவதில்லை. மண் தின்றான் என்று வாயைத் திறக்கச் சொன்ன யசோதை அதற்குள் அண்டம் முழுவதையும் பார்க்கிறாள். ஒரு கணம் அவளுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. கைகூப்பிச் சரணடையும் நிலைக்குப் போய்விடுகிறாள். அப்போது கண்ணன் அவள்மேல் தன் வைஷ்ணவ மாயையைப் பரப்புகிறான். அந்த மாயைக்குப் பாகவதம் தரும் அடைமொழி 'புத்ர ஸ்நேக மயீம்', பிள்ளைப் பாசத்தால் ஆனது. கண்டது மறந்துபோகிறது, பிள்ளையை அள்ளி மடியில் வைத்துக்கொள்கிறாள். ஞானத்தை மறைப்பதுதான் மாயை என்றால் இங்கும் அதுதான் நடக்கிறது. ஆனால் பாகவதம் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரம்மாவுக்கும் சிவனுக்கும் லட்சுமிக்கும் கிடைக்காத அருள் இவளுக்குக் கிடைத்தது என்று அடுத்த அத்தியாயத்தில் போற்றுகிறது.

ஆண்டாளின் மாயன் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான். 'மாயனை மன்னு வடமதுரை மைந்தனை' என்னும்போது அது வியப்புக்குரிய செயல்களை உடையவன் என்று பொருள்படுகிறது. நம்மாழ்வாரும் 'மாயா! வாமனனே!' என்று கூப்பிடுகிறார். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொல்லும் மாயோன், கருமையைக் குறிக்கும் தமிழ் 'மா'விலிருந்து வந்த பெயர்: கரிய நிறத்தவன். வடமொழி மாயைக்கும் அதற்கும் வேர் வேறு. ஆழ்வார்கள் காலத்துக்குள் கரியவனும் ஆச்சரியமானவனும் ஒரே ஒலியில் கலந்துவிட்டார்கள், பாசுரங்களில் இரண்டும் சேர்ந்தே கேட்கின்றன. வஞ்சனைப் பொருளும் தமிழில் பழையது. 'பன்மாயக் கள்வன் பணிமொழி' என்று குறளின் தலைவி தன் காதலனைச் சொல்கிறாள் (1258). கம்பனின் மாயமானும், வால்மீகியில் இல்லாமல் கம்பன் சேர்த்த மாயாசனகனும் அந்தப் பழைய அசுரத் திறமையின் வாரிசுகள்.

பாரதியார் 'நிற்பதுவே, நடப்பதுவே, பறப்பதுவே' என்று உலகத்தைப் பார்த்து, நீங்களெல்லாம் சொற்பனந்தானோ, பல தோற்ற மயக்கங்களோ என்று கேட்கிறாரே, அது உலக வழக்கில் ஊறிப்போன பொய்த்தோற்றப் பொருளை நோக்கிய கேள்வி. முடிக்கும்போது 'காண்பது சக்தியாம், இந்தக் காட்சி நித்தியமாம்' என்கிறார். சாக்தத்தின் பக்கம் வந்து நின்றுவிட்டார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கீதை 4.6-க்கும் 7.14-க்கும் சங்கரர் உரையையும் ராமானுஜர் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டுக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. அப்புறம் திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரமான இருள்மல நிலை, பத்தே குறள்கள்தான். தேவி மாகாத்மியத்தில் முதல் அத்தியாயம் போதும். பஞ்சதசியின் ஆறாம் பிரகரணத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றைப் படித்த பிறகு அதன் நிதானம் நன்றாகப் புரியும்.